மேகத்துக்குள் போன சாலை

அத்தியாயம் 14

முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் டேனியல். புதுச்சேரியிலிருந்து பாகூர், பாகூரிலிருந்து குருவிநத்தம், அங்கிருந்து மறுபடி புதுச்சேரி. அத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட, இந்த இடம் நன்றாக இருக்கிறதே என்று வண்டியை நிறுத்தியதில்லை. ஸ்டாப்பிங் வந்தால்தான் பிரேக்கில் கால்.

இன்று காலையிலிருந்து மட்டும் ஏழு தடவை நிறுத்திவிட்டார்.

வேலி முழுக்கச் சிவப்புப் பூ தொங்கிய வளைவில் ஒரு தடவை. கூரை போன பழைய கல்வீட்டுக்குள் மாடு புகுந்து நின்றதைப் பார்க்க ஒரு தடவை. எந்தக் காரணமும் இல்லாமல், பச்சையாக இருக்கிறது என்பதற்காகவே இரண்டு தடவை.

"பின்னாடி எவனும் ஆரன் அடிக்கலியே!" என்றார் ஒவ்வொரு தடவையும். அவருக்கு அதை நம்பவே முடியவில்லை.

பின் சீட்டில் ஸ்டெல்லா சிரித்துக்கொண்டாள். நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து வந்து ஆறு வருஷம் ஆகிறது அவளுக்கு. அப்பா வாயைத் திறந்து ஆச்சரியப்பட்டு அவள் பார்த்ததே இல்லை.

இந்தப் பயணத்தில் காரை ஓட்ட வேண்டியவள் அவளுடைய தோழி. லிமெரிக்கில் வாடகைக் கார் எடுக்கப் போய் நின்ற நேரத்தில், வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று அவளிடமிருந்து போன் வந்தது. ஸ்டெல்லாவிடம் இருந்ததோ எல்.எல்.ஆர். மாதிரி ஒன்றுதான். பயணமே நின்றுபோகும் என்று அவள் கலங்கி நிற்க, டேனியல் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே அவருடைய லைசென்ஸ்.

"இங்கயும் லெப்ட்டு சைடுதான போறான்? ஸ்டீரிங்கு ரைட்டுலதான இருக்குது? அப்புறம் இன்னா?"

அப்படித்தான் ஆரம்பித்தது. இன்று மூன்றாம் நாள். அவசரமே இல்லாமல் ஒரு நாளைக்கு எழுபது, எண்பது கிலோமீட்டர். முன் சீட்டில் அம்மா அமுதம். கண்ணாடிக்குக் கீழே ஸ்டெல்லாவின் போன், வழிகாட்டும் வரைபடத்தோடு.

எல்லாவற்றையும் அவர்களுக்குச் சொல்லியிருந்தாள் ஸ்டெல்லா. எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது, நான்காம் நாள் கில்லார்னி என்ற ஊரில் ஏரி பார்ப்பது. அந்த ஊருக்கு உண்மையில் எதற்காகப் போகிறோம் என்பதை மட்டும் சொல்லவில்லை.

எதிரே ஒரு டிராக்டர் வந்தது. ஓட்டிவந்த கிழவர் ஸ்டீரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கி இறக்கிவிட்டுப் போனார்.

"இன்னா சொல்றான் இவன்? காலைலேர்ந்து எல்லாரும் வெரலக் காட்டறாங்க. லைட்டு எரியுதா?"

"வணக்கம் சொல்றாங்கப்பா."

"எனக்கா? என்னிய அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. ரோட்டுல எதிர்ல யாரு வந்தாலும் சொல்லுவாங்க."

அடுத்த வளைவில் ஒரு வேன் வந்தது. டேனியல் முந்திக்கொண்டு விரலைத் தூக்கினார். அந்த வேன்காரரும் தூக்கினார். டேனியலின் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து அமுதம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அமுதத்தின் ஆச்சரியம் வேறு மாதிரி. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் இருபது வருஷம் நடவுக்குப் போனவள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நிலத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"ஏன்டி, இவ்ளோ நெலம் கெடக்குது. ஒரு ஆளு குனிஞ்சி நிக்கறதப் பாக்கலியே நானு?"

"எல்லாம் புல்லும்மா. ஆட்டுக்கும் மாட்டுக்கும்."

"நடவே இல்லியா?"

"இல்ல."

"வானத்துலேர்ந்து தண்ணி வருது, மண்ணுலேர்ந்து புல்லு வருது. நடுவுல மனுசன் முதுகு வளைய வேணாம்," என்றாள் அமுதம் மெதுவாக. "இப்பிடியும் ஒரு நெலத்தப் படைச்சி வச்சிருக்காரு பாரு ஆண்டவரு."

முதுகில் நீலச் சாயம் பூசிய ஆடுகள் சாலை ஓரம் நின்றன. "இதுங்களுக்கு மாட்டுப் பொங்கலா?" என்று கேட்டாள். எந்த ஆடு யாருடையது என்று தெரிவதற்கான அடையாளம் அது என்று ஸ்டெல்லா விளக்கினாள்.

எட்டாவது தடவை நிறுத்தச் சொன்னது அமுதம்தான். சாலை ஓரம் பாறையைக் குடைந்து ஒரு கெபி. உள்ளே வெள்ளை உடுப்பில், இடுப்பில் நீலத் துணி கட்டிய லூர்து மாதா. சுற்றி ஈரப் பாசி. காலடியில் யாரோ ஜாம் பாட்டிலில் பூ வைத்திருந்தார்கள்.

அமுதம் செருப்பைக் கழற்றிவிட்டு ஈரப் புல்லில் நின்றாள்.

"நம்ம வில்லியனூர் மாதாடி இது! அதே மூஞ்சி, அதே நீலம்! எனக்கு முன்னாடி இங்க வந்து நிக்கறா பாரேன்!"

அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இப்போது சொல்லிவிடலாமா என்று நினைத்தாள் ஸ்டெல்லா. வாய் வரவில்லை.

மலைக்குப் போகும் பிரிவில்தான் அது நடந்தது.

போனில் வரைபடம் ஓடிக்கொண்டிருந்தது. டேனியல் திருப்பத்தைப் பார்க்கத் தலையைச் சாய்த்தார். அந்த நேரத்தில் 'டிங்' என்ற சத்தத்தோடு வரைபடத்துக்கு மேலே பெரிய எழுத்தில் ஒரு வரி வந்தது. மறந்துவிடக் கூடாது என்று ஸ்டெல்லா தனக்குத் தானே போட்டுவைத்திருந்த குறிப்பு.

நாளை காலை பதினொரு மணி. குடியுரிமை விழா, கில்லார்னி. பாஸ்போர்ட் எடுத்துக்கொள்.

ஆங்கிலத்தில்தான் இருந்தது. டேனியல் ஆங்கிலம் பேசமாட்டார். ஆனால் எழுத்துக்கூட்டிப் படிப்பார். வழியிலிருக்கும் பலகைகளையெல்லாம் மூன்று நாளாகப் படித்துக்கொண்டுதான் வருகிறார்.

ஸ்டெல்லா இரண்டு சீட்டுக்கும் நடுவே கையை நீட்டி அதைத் தள்ளிவிட்டாள். வரைபடம் திரும்ப வந்தது.

"ரைட்டுலயா?" என்று கேட்டார் டேனியல்.

"ஆமாம்ப்பா. ரைட்டுல."

அவர் குரலில் ஒன்றும் தெரியவில்லை. படித்தாரா, படிக்கவில்லையா?

சாலை ஏற ஆரம்பித்த இடத்தில் ஒரு பலகை. பஸ் படம் போட்டு, அதன் மேல் சிவப்புக் கோடு.

"பஸ்ஸு போவக்கூடாதா?"

"பஸ்ஸு, லாரி எதுவும் கூடாதுப்பா. ரோடு அவ்ளோ சின்னது. இந்த மலைப் பாதைக்குக் கானர் பாஸுன்னு பேரு. வேற வழியும் இருக்குது. சுத்து."

டேனியல் அந்தப் பலகையையே பார்த்தார். "பஸ்ஸு போவாத ரோட்ட இந்த ஜென்மத்துல நான் எப்பப் பாக்கறது?" என்றார். கியரை மாற்றினார்.

இடது பக்கம் பாறை. காருக்கு மேலேயே சாய்ந்து நின்றது. வலது பக்கம் முழங்கால் உயரத்துக்குக் கல்லடுக்கிய சுவர், அதற்கப்புறம் வெறும் காற்று. கீழே ஏரிகள், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக, யாரோ வைத்துவிட்டுப் போன தட்டுகள் போல. அவற்றுக்கும் கீழே, மிகத் தொலைவில், கடல்.

அமுதம் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அப்புறம் மேகம் வந்தது. மேலிருந்து இறங்கி வரவில்லை. கார்தான் அதற்குள் ஏறியது. முதலில் கடல் போனது, பிறகு ஏரிகள், பிறகு சுவர். கடைசியில் காருக்கு முன்னால் பத்தடி தார்ச்சாலை மட்டும் மிச்சம்.

அந்தப் பத்தடிக்குள் இரண்டு விளக்குகள் தெரிந்தன. எதிரே ஒரு சிவப்புக் கார். ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி வயதான ஒரு பெண். பயத்தில் அப்படியே உறைந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கார் போக இடமில்லை.

"அவங்களால பின்னாடி போவ முடியாதுப்பா," என்றாள் ஸ்டெல்லா. "நம்மளாலயும் முடியாது. போன் பண்ணவா?"

"யாருக்கு?" டேனியல் கண்ணாடியை இறக்கினார். குளிர் காற்று முகத்தில் அடித்தது. "அருவி கொட்டற எடத்துல ரோடு அகலமா இருந்துச்சு. எரநூறடி இருக்கும். அமுதம், பாறை எவ்ளோ கிட்ட வருதுன்னு மட்டும் சொல்லு."

"நானா?"

"நீதான் அந்தப் பக்கம் குந்தினு இருக்க."

கார் பின்னால் நகர்ந்தது. அமுதம் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள்.

"வா… வா… ஒரு மொழம் இருக்குது… வா… ஒரு சாணு… யோவ், நில்லு! அந்தாண்ட ஒடி… ஆங்… இப்ப வா… ரைட்டு, ரைட்டு…"

ஸ்டெல்லா மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் கைகளைப் பார்த்தாள். அவை பதறவே இல்லை. முப்பத்தொரு வருஷம் கூட்டத்துக்கும் மாட்டுவண்டிக்கும் சைக்கிளுக்கும் நடுவே பஸ்ஸை வளைத்து எடுத்த கைகள். வளைவில் கார் ஓர் அங்குலம்கூட இழுக்காமல் திரும்பி, அருவிச் சத்தம் கேட்கும் இடத்தில் போய் ஒதுங்கி நின்றது.

சிவப்புக் கார் மெல்ல அவர்களைத் தாண்டியது. அந்தப் பெண் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, நெஞ்சில் கைவைத்து ஏதோ சொன்னாள். அழுகை போல இருந்தது.

டேனியல் ஒரு விரலைத் தூக்கினார்.

மேலே போய் நிறுத்தியபோது ஒன்றுமே தெரியவில்லை. மூன்று பேரும் இறங்கி வெள்ளைக்குள் நின்றார்கள். ஆடு ஒன்று எங்கேயோ கத்தியது.

காற்று வேகமாக அடித்தது. அதற்குப் பிறகு நடந்ததை ஸ்டெல்லா யாரிடம் சொன்னாலும் சரியாகச் சொல்ல வராது. மேகம் நடுவில் கிழிந்து இரண்டு பக்கமும் ஓடியது. வடக்கே ஏரிகளும் மஞ்சள் மணலும் கடலும். திரும்பினால் தெற்கே இன்னொரு கடல், அதன் ஓரத்தில் கைப்பிடி அளவுக்கு ஓர் ஊர், துறைமுகம். மலைச்சரிவில் மேகத்தின் நிழல் ஓடியது. நிழல் விலகின இடமெல்லாம் பச்சை பற்றிக்கொண்டு எரிந்தது.

"எம்மாடி!" என்றாள் அமுதம்.

இரண்டு பக்கமும் மாறி மாறித் திரும்பிப் பார்த்தாள். "நம்ம ஊருல கடலு எதிர்ல நிக்கும். இங்க காலுக்குக் கீழ கெடக்குதுடி. ரெண்டு பக்கமும்."

டேனியல் தலையில் கட்டியிருந்த மப்ளரை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார், கோயிலுக்குள் நிற்பவர் மாதிரி. அமுதம் சுவர் ஓரமாகத் தெற்கே நடந்தாள். அவள் கொஞ்ச தூரம் போகும் வரை பார்த்துவிட்டு, டேனியல் திரும்பாமலே கேட்டார்.

"சிட்டிசன்ஷிப்புன்னா, இந்த ஊரு ஆளா ஆவறதா?"

"ஆமாம்ப்பா."

"நாளைக்கா?"

"நாளைக்கு. எல்லாரோடயும் நின்னு சத்தியம் பண்ணணும். கையெழுத்தும் போடணும். ஊரு சுத்திக் காட்டிட்டு, கடைசியில சொல்லலாம்னு… நீ கோவப்படுவன்னு பயந்தேன். தாத்தா கதைய நீ அவ்ளோ பெருமையா சொல்லுவியே."

அந்தக் கதை அவர்கள் தெருவுக்கே தெரியும். அறுபத்திரண்டில், பிரெஞ்சுக் குடிமகனாக இருக்க விரும்புகிறவர்கள் வந்து எழுதிக் கொடுக்கலாம் என்று ஆறு மாதம் தவணை கொடுத்தபோது, டேனியலின் அப்பா சவரிமுத்து டவுன் வரைக்கும் போய், 'எனக்கு என் நாடே போதும்' என்று திரும்பி வந்தாராம். ஞானஸ்நானம், கல்யாணம், எந்த வீட்டு விசேஷத்திலும் டேனியல் அதைச் சொல்லாமல் எழுந்ததில்லை.

"அது பொய்யி," என்றார் டேனியல்.

"இன்னாப்பா?"

"எனக்கு வேலை கெடச்சி, ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டேன். எங்கப்பாவும் கூட வந்திருந்தாரு. வெளிய வந்து மரத்தடியில குந்திகினு அழுவறாரு. இன்னாப்பான்னு கேட்டா அப்பதான் சொல்றாரு. அன்னிக்கு அவரு வரிசையில நின்னாராம். முன்னாடி நின்னவன்லாம் பேனா வாங்கிக் கையெழுத்துப் போடறான். இவரு மொறை வந்ததும், 'சிஞ்யே'ன்னானாம் அந்த மேசைக்காரன். கையெழுத்துப் போடுன்னு அர்த்தம். இவருக்கு எழுதத் தெரியாது. கைநாட்டு வைக்க மைய நீட்டினானாம். அத்தினி பேருக்கு முன்னாடி கட்டைவெரல நீட்ட முடியல அவரால. தண்ணி குடிச்சிட்டு வரேன்னு சொல்லிட்டு வெளிய வந்தவரு, குருவிநத்தம் வரைக்கும் நடந்தே வந்துட்டாரு."

காற்று அவர் மப்ளரை இழுத்தது.

"அவரு வெக்கத்த நான் வீரமா மாத்திட்டேன். அவரு செத்த அன்னிக்கே மாத்திச் சொல்ல ஆரம்பிச்சேன். அப்பால நிறுத்த முடியல."

ஸ்டெல்லா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வளர்ந்த பிறகு பிடித்ததே இல்லை.

"அதனால நீ போடு. எழுத்து தெரிஞ்ச கைதான உன் கை? நல்லா அழுத்திப் போடு. எனக்குப் பயந்துகினு ஒளிச்சி வச்சிருந்த பாரு, அதுதான் எனக்கு வலிக்குது." சற்று நிறுத்தினார். "இந்த ஊரு பாஸ்போர்ட்டுல அப்பா பேரு போடறானா?"

நம் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் டேனியல் என்று இருக்கும். அதைத் தடவிப் பார்த்துத்தான் ஆறு வருஷத்துக்கு முன் அவளை விமானம் ஏற்றிவிட்டார்.

"இல்லப்பா. போட மாட்டாங்க."

டேனியல் தலையாட்டினார். கடலைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

சாயங்காலம் எட்டு மணிக்கும் வெயில் அடித்தது. டிங்கிள் துறைமுகத்தில் கல்மேடை மேல் உட்கார்ந்து மூவரும் காகிதப் பொட்டலத்தில் வறுத்த மீன் சாப்பிட்டார்கள். பொழுது சாயாத அந்த வானத்தைத்தான் அமுதம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார்கள். டேனியல்தான் சொன்னார். நாளைக்குத் தான் வெள்ளைச் சட்டை போடப்போவதாகவும் சொன்னார்.

"அப்பாவும் பொண்ணும் பேசி முடிச்சிட்டீங்க," என்றாள் அமுதம். "என்னிய ஒருத்தரும் கேக்கலியே."

"ம்மா…"

"இரு. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. நாளையோட உன் பாஸ்போர்ட்டு செல்லாதுன்ற. அப்புறம் எனக்கு உடம்புக்கு ஒண்ணுன்னா, நீ வர்றதுக்கு யாரையாவது கேட்டுகினு வரணுமா?"

ஸ்டெல்லாவால் பொய் சொல்ல முடியவில்லை. "ஒரு கார்டு குடுப்பாங்கம்மா. அது இருந்தா எப்ப வேணா வரலாம். வாங்கறதுக்கு ரெண்டு மூணு மாசம் ஆவும். அதுவரைக்கும் விசா எடுக்கணும்."

"பொறந்த வூட்டுக்கு வர்றதுக்கு விசா."

"கொஞ்ச நாளுதாம்மா."

"அந்தக் கொஞ்ச நாள்ல எனக்கு ஆவாதுன்னு யாரு எழுதிக் குடுத்தா?" அமுதம் குரலை உயர்த்தவில்லை. "நான் வரல. நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் கார்லயே குந்தினு இருக்கேன்."

டேனியல் வாயைத் திறந்தார். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

கடற்பறவை ஒன்று வந்து ஸ்டெல்லாவின் பொட்டலத்திலிருந்து ஒரு துண்டைக் கொத்திக்கொண்டு போனது. யாரும் விரட்டவில்லை.

"அவங்க லெட்டரு ஏதாச்சும் குடுத்திருக்காங்களா?" என்றாள் அமுதம்.

"ம்."

"எடு. எனக்குப் படிச்சிக் காட்டு. ஒரு வரி வுடாத."

ஸ்டெல்லா கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தாள். ஒவ்வொரு வரியாகப் படித்து, தமிழில் சொன்னாள். எத்தனை மணிக்கு வரவேண்டும், என்ன சத்தியம், எங்கே கையெழுத்து. கடைசிப் பத்தியில் வந்து நின்றாள்.

"ஏன் நின்னுட்ட?"

"இதையும் சொல்லணும்னுதான் இருந்தேன். எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல." ஸ்டெல்லா அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. "என் கூட ஒருத்தரு மட்டும்தான் உள்ள வரலாமாம்."

டேனியலின் கையிலிருந்த மீன் துண்டு அப்படியே நின்றது. பிறகு அவர் மெல்லச் சிரித்தார். "நல்லதாப் போச்சு. அவதான் வரலன்னுட்டாளே. நானே…"

"நான் வரேன்," என்றாள் அமுதம்.

"இப்பதானடி வரமாட்டேன்ன?"

"வேடிக்கை பாக்க வரமாட்டேன்னேன். ஒருத்தருதான்னா, பெத்தவ நான்தான் போவணும். இவ எந்தக் கையத் தூக்கி யாருக்கு இன்னா சத்தியம் பண்றான்னு நான் என் கண்ணால பாக்கணும். பாத்துட்டு, நான் சொல்ல வேண்டியத அங்கயே சொல்றேன்."

"இன்னா சொல்லப்போற?" டேனியலின் குரலில் முதல் தடவையாகப் பயம் தெரிந்தது.

அமுதம் ஸ்டெல்லாவின் கையிலிருந்து கடிதத்தை வாங்கி, நாலாக மடித்து, ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். அந்தக் காகிதத்தைக் காட்டாமல் நாளைக்கு விழா நடக்கும் மண்டபத்துக்குள் ஒருவரையும் விடமாட்டார்கள்.